சர்வேயர் பதில்கள்: இந்த மாதம் முழுக்க நடுகல்

போன இதழில், நடுகல் தேடிப் போகிற எங்கள் குழு ஒரு நடுகல்லை, அதாவது சண்டையில் செத்த வீரனுக்கு அந்தக் காலத்தில் நட்ட கல்லை, சீமைக்கருவேல முள்ளுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்த படம் வந்தாலும் வந்தது, வழக்கமாகப் பட்டா, பாகப்பிரிவினை, பொதுச்சுவர் என்று கேட்கிற வாசகர்கள் இந்த முறை கல்லைப் பற்றியே கேட்டுத் தள்ளிவிட்டார்கள். பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் ஊர் மட்டும். உட்பிரிவு மனு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓசூர் வாசகர்: மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தோம். மே மாதக் கடைசியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில், பழைய காலத்து நீலச் சீருடை போட்ட வயதானவர்கள் சிலர் ஒவ்வொரு கல்லுக்கு முன்னாலும் சின்னக் கொடி குத்திக்கொண்டு போனார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர்களின் கல்லறைகளாம். யார் பெற்ற பிள்ளைக்கோ இத்தனை காலம் கழித்தும் செய்கிறார்களே, நம்மூரில் அப்படி உண்டா?

எனக்கு வெளிநாடு என்றால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர்தான். ஆனால் அந்த நீலச் சட்டைக்காரர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். போரில் ஜெயித்த வடக்குப் படையின் முன்னாள் வீரர்கள் 1866இல் ஒரு சங்கம் வைத்தார்கள். அதன் தலைவர் ஜான் லோகன் 1868 மே மாதம் ஒரு சுற்றறிக்கை விட்டார்: மே 30ஆம் தேதி எல்லா ஊரிலும் செத்த வீரர்களின் கல்லறைக்குப் பூப் போடுங்கள் என்று. அதுதான் பிற்பாடு அரசு விடுமுறையாகி, மே மாதக் கடைசித் திங்கள்கிழமைக்கு வந்து நின்றிருக்கிறது.

அந்தச் சங்கத்தில் ஒரு சிக்கல். போரில் நின்றவர்தான் உறுப்பினராகலாம். அப்படியானால் வருஷா வருஷம் ஆள் குறையத்தானே செய்யும்? கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் வூல்சன் 1956இல் இறந்ததோடு சங்கம் முடிந்தது. ஆனால் இது வரும் என்று தெரிந்து 1881இலேயே மகன்களுக்கென்று தனிச் சங்கம் ஒன்று தொடங்கிவிட்டார்கள். அது இன்றும் இருக்கிறது. நீங்கள் பார்த்தவர்கள் அந்தச் சங்கத்தார்களாகவோ அவர்களைப் போன்றவர்களாகவோ இருக்கலாம். கல்லைக் கழுவுவது, சாய்ந்ததை நிமிர்த்துவது, கல்லே இல்லாதவனுக்குக் கல் வாங்கி வைப்பது, இதுதான் அவர்கள் வேலை. விக்ஸ்பர்க் என்ற ஊரில் ஒரு ராணுவக் கல்லறை இருக்கிறது. அந்தப் போரில் செத்த வடக்குப் படைக்காரர்கள் ஏறக்குறைய 17,000 பேர் அங்கே கிடக்கிறார்கள். அதில் சுமார் 13,000 பேருக்குப் பெயர் தெரியாது. பெயர் தெரியாதவனுக்குச் சின்னச் சதுரக் கல், அதன் மேல் ஒரு எண். நம் சர்வே கல் மாதிரியேதான். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, நம்மூர். நீங்கள் இருக்கிற மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்? ஊருக்காகவோ மாட்டுக்காகவோ சண்டை போட்டுச் செத்தவனுக்குக் கல் நடுவதை ஆறு படியாகப் பிரித்துத் தொல்காப்பியமே சொல்லிவிட்டது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். அதாவது நல்ல கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுக்க நாள் குறிப்பது, தண்ணீரில் போட்டுக் கழுவுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்திப் பாடுவது. அவர்கள் கொடி குத்துகிறார்கள், நம்மாட்கள் மயில்பீலி சூட்டினார்கள், சின்னக் கலயத்தில் வடித்த கள் ஊற்றினார்கள். இது எங்கோ நடந்ததல்ல. தகடூர் அதியமான் செத்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டு. மலை சூழ்ந்த நாட்டையே கொடுத்தாலும் வேண்டாம் என்பவன், நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சின்னக் கலயத்தில் ஊற்றுகிற இந்தக் கள்ளை வாங்கிக்கொள்வானோ என்று அந்த அம்மா கேட்கிறார். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கே ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரியும்.

இன்னொன்று. முதல் உலகப் போருக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் வெள்ளைக்காரர்கள் ஒரு கல் வைத்தார்கள். தமிழ்நாட்டில் சில ஊர்களில் இன்றும் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் 1,400 வருஷத்துக்கு முன்னால் மாடு மேய்க்கிற ஊர்க்காரர்கள், எழுதத் தெரிந்த ஒருவனைப் பிடித்துவந்து, செத்தவன் பெயரைக் கல்லில் வெட்ட வைத்திருக்கிறார்கள்.

பாலக்கோடு வாசகி: எங்கள் குலசாமி வேடியப்பன். அவர் நடுகல்தான் என்று உங்கள் கட்டுரையில் இருந்தது. சாமியைக் கல் என்று சொல்லலாமா?

சாமியைக் கல் என்று சொல்லவில்லை அம்மா, கல்லாக நின்றவர் சாமியானார் என்றுதான் சொன்னேன். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுகிற இடங்களில் பலவற்றில் உள்ளே இருப்பது வில்லும் வாளும் பிடித்த நடுகல்தான். அடுத்த முறை அபிஷேகத்துக்கு முன்னால் பூசாரியிடம் கேட்டு, பட்டுத்துணியை விலக்கிப் பாருங்கள். இடது கையில் வில், வலது கையில் குத்துவாளோ வாளோ, உடம்பில் தைத்த அம்பு, காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கெண்டி, ஒரு மாடு, இவற்றில் ஒன்றிரண்டாவது தெரியும். அம்பு தைத்தபடி நிற்கிற சாமிக்குக் கிடா வெட்டுவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் மேலே வெள்ளி பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள்.

வேப்பனப்பள்ளி அருகே ஒரு விவசாயி: கொல்லையைச் சமப்படுத்த ஜேசிபி விட்டேன். ஐந்தடிப் பலகைக் கல் ஒன்று கிளம்பியது. ஆள் உருவம், குதிரை, மேலே லிங்கம் மாதிரி ஏதோ இருக்கிறது. மேஸ்திரி, வாசற்படிக்கு ஆகும் என்கிறார். சொன்னால் அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்ய?

மேஸ்திரிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். படிக்கு வேறு கல் கிடைக்கும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல் குவாரிக்கா குறைச்சல்?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அடுக்கு நடுகல். கன்னட நாட்டுப் பாணி, நம் மாவட்டத்தின் வடபகுதியில் நிறைய உண்டு. கீழ்த்தட்டில் சண்டை, நடுத்தட்டில் செத்தவனைத் தேவமகளிர் இரண்டு பக்கமும் தோளில் தாங்கிக்கொண்டு போவது, மேல்தட்டில் சிவலோகத்தில் லிங்கத்துக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருப்பது. கீழிருந்து மேலே படித்துக்கொண்டு போக வேண்டும். பக்கத்திலேயே வளையல் போட்ட ஒரு கை தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தால், அவன் மனைவியும் தீயில் இறங்கினாள் என்று அர்த்தம். அதைப் பார்த்தால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், பெருமையாகப் படம் எடுத்துப் போடுகிற விஷயம் அல்ல என்பது என் கட்சி.

இப்போது செய்ய வேண்டியது. கல்லை ஜேசிபி வாளியால் இனி தொடாதீர்கள். கிடக்கிற இடத்திலேயே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு குடையோ அளவு டேப்போ வைத்து. எந்தச் சர்வே எண், எத்தனை அடி ஆழம், முகம் எந்தத் திசை பார்த்திருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தாசில்தாருக்கு அனுப்புவார், அங்கிருந்து தொல்லியல் துறைக்குப் போகும். நிலம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஒரு இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்க 1966ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டத்தில் தனி முறை இருக்கிறது. அரசிதழில் அறிவித்து, ஆட்சேபம் கேட்டு, அப்புறம்தான். கொல்லையில் ஒரு கல் கிளம்பியதற்காக யாரும் வேலி போட வர மாட்டார்கள். கல்லை உங்கள் வரப்பு ஓரத்திலேயே நிமிர்த்தி வைக்கலாமா, அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்பதை அவர்கள் வந்து பார்த்த பிறகு பேசுங்கள். என் விருப்பம் ஊரிலேயே நிற்பது.

மேஸ்திரியைக் குறை சொல்கிறேனே தவிர, எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தின் சமயத்தில் நான் சின்ன வயது அளவர். வெயிலில் சங்கிலி பிடித்துக்கொண்டு ஒரு கொல்லையில் நுழைந்தபோது எல்லைக்கு நடுவே சாய்ந்த கல் ஒன்று. உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பூட்ஸில் ஒட்டிய சேற்றை அதன் விளிம்பில் வழித்தேன். குறுக்கே நிற்கிறது, இதைக் கால்வாய்மேல் போட்டுவிட்டால் மாடு தாண்ட வசதி என்று தலையாரியிடம் சொன்னதும் நான்தான். அவர் கொஞ்சம் தயங்கினார். "சாமிக் கல்லுங்க சார்" என்றார். நான் கேட்கவில்லை. புலப்படத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, குழுவில் சேர்ந்து இரண்டாம் வருஷம், நானே கேட்டு அந்த ஊருக்குப் போனோம். கல் கால்வாய்மேலேயே கிடந்தது. தலையாரி இல்லை. நாலு பேர் கடப்பாரை போட்டுப் புரட்டினோம். அன்று எப்படியோ முகம் கீழாகப் போட்டிருக்கிறார்கள், அதனால் ஆள் பிழைத்தார். வலது கை ஓங்கியபடி, இடுப்புக் கச்சை மடிப்பு மடிப்பாக, காலடியில் இரண்டு மாட்டுத் தலை. ஆனால் எழுத்து இருந்த விளிம்பு, கரை மண்ணில் உரசி உரசித் தேய்ந்துபோயிருந்தது. மூன்று வரியில் கடைசிச் சொல் மட்டும் மிச்சம்: "பட்டான்". செத்தான் என்று தெரிகிறது. யார் செத்தான் என்பது என் பூட்ஸோடு போய்விட்டது.

கிருஷ்ணகிரி கல்லூரி மாணவர்: நடுகல் எல்லாம் மாட்டுச் சண்டைக்குத்தானா? அமெரிக்கா மாதிரி உள்நாட்டுப் போர் நம் பக்கம் நடக்கவில்லையா?

மாட்டுச் சண்டை என்று இளக்காரமாகச் சொல்லாதீர்கள் தம்பி. அன்றைக்கு மாடுதான் வங்கிக் கணக்கு. கல்வெட்டில் மந்தைக்குத் "தொறு" என்று பெயர். தொறுவைக் கவர்ந்துபோகிறவன் சூடும் பூ வெட்சி, மீட்கிறவன் சூடுவது கரந்தை. "தொறு மீட்டுப் பட்டான்" என்றால் மந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து, வந்த இடத்தில் உயிரை விட்டான்.

உள்நாட்டுப் போருக்கு உங்கள் ஊரிலிருந்தே பேருந்து இருக்கிறது. சின்னகொத்தூர் போங்கள். பழைய பெயர் குந்தாணி. போசள அரசன் சோமேசுவரன், வேறு வேறு தாய்க்குப் பிறந்த இரண்டு மகன்களுக்கு ராஜ்ஜியத்தைப் பிரித்துக் கொடுத்தான். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்தது இது. கன்னடப் பக்கத்துத் துவாரசமுத்திரம் மூன்றாம் நரசிம்மனுக்கு, தமிழ்ப்பகுதி ராமநாதனுக்கு. ராமநாதன் முதலில் சமயபுரத்துக்குப் பக்கத்துக் கண்ணனூரில் இருந்தான். பாண்டியர்கள் நெருக்கியதும் மேலே வந்து குந்தாணியைத் தலைநகராக்கிக்கொண்டான். அப்புறம் என்ன, வருஷக்கணக்கில் இரண்டு சகோதரர்களும் அடித்துக்கொண்டார்கள். நரசிம்மனின் மகன் மூன்றாம் வல்லாளன் காலத்தில்தான் இரண்டும் ஒன்றானது. நான் பாகப்பிரிவினை அளந்த வீடுகளில் இதைப் போல நூறு பார்த்திருக்கிறேன், படைதான் இல்லை. ஒரு வித்தியாசம், இவர்கள் வரப்புத் தகராறில் செத்தது இவர்கள் அல்ல, ஊர்ப் பையன்கள். ராஜாவின் பெயர் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பையன்களின் பெயர் வேண்டுமானால் முள்ளை வெட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

காவேரிப்பட்டினம் வாசகர்: எங்கள் ஊர்க் கல்லில் இருப்பவர் எங்கள் சமூகத்து வீரர் என்று போர்டு வைக்க நினைக்கிறோம். உங்கள் குழு சான்று தருமா?

தராது. பொதுவாகக் கல்வெட்டில் அரசன் பெயர், ஆட்சியாண்டு, தலைவன் பெயர், ஊர், செத்தவன் பெயர், செத்த காரணம், இவைதான் இருக்கும். நீங்கள் தேடுவது அதில் எழுதியிருந்தால் நானே படித்துச் சொல்கிறேன். எழுதவில்லை என்றால் உங்கள் போர்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சமூகம் இன்னொரு போர்டு வைக்கும், நடுவில் கல் இருக்கிற இடம் தெரியாது. போன வருஷம் ஒரு ஊரில் இதே தகராறில் கல்லுக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, காவலுக்கு ஆள் போட வேண்டியதாகிவிட்டது. ஊர்ப் பெயரும் நூற்றாண்டும் போட்டு ஒரு பலகை வையுங்கள், நான் வந்து குழி தோண்டித் தருகிறேன்.

அரூர், ஒன்பதாம் வகுப்பு மாணவி: நாய்க்குக்கூட நடுகல் உண்டா? கல்லில் இருக்கிற எழுத்தைப் படிக்க நானும் கற்றுக்கொள்ள முடியுமா?

நாய்க்கு உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். எருமைகளைக் காப்பாற்றப் போய்ச் செத்த வீரன், பக்கத்தில் அவன் நாய். நாயின் பெயர் கோவிவன். கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதாகப் பெயரோடு எழுதியிருக்கிறார்கள். இன்று நம் வீட்டு நாய்க்கு வைக்கிற பெயர்களை நினைத்துப் பார்.

எழுத்து தாராளமாகக் கற்கலாம் பாப்பா. உன் வயதுதான் சரி, எனக்கு வயதான பிறகுதான் வாய்த்தது. இந்தப் பக்கத்துப் பழைய நடுகற்களில் இருப்பது பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து. பெயருக்கேற்ற மாதிரி வளைந்து வளைந்து ஓடும். அகர வரிசையிலிருந்து ஆரம்பிக்காதே. "பட்டான்", "கல்", "தொறு", அரசன் பெயருக்கு முன்னால் வருகிற "கோவிசைய" என்ற நாலு சொல்லின் வடிவத்தை மட்டும் முதலில் நோட்டில் வரைந்து பழகு. நாலும் மனதில் நின்றுவிட்டால் எந்தக் கல்லிலும் கைப்பிடி கிடைத்துவிடும். தருமபுரியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமான அகழ்வைப்பகம் இருக்கிறது. நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள், ஒரு சனிக்கிழமை அப்பாவை அழைத்துப் போகச் சொல்.

படிக்கிற நேரம் முக்கியம். உச்சி வெயிலில் எழுத்து கண்ணுக்கே தெரியாது. காலையிலோ சாயங்காலமோ வெளிச்சம் சாய்வாக விழும்போது பார். நாங்கள் சில சமயம் இருட்டிய பிறகு போய், டார்ச்சைக் கல்லோடு கல்லாகப் பக்கவாட்டில் பிடிப்போம். அதுவரை வெறும் பாறையாக இருந்த இடத்தில் ஒவ்வொரு எழுத்தும் தன் நிழலைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது கூட வந்த ஆட்டோக்காரர் இரண்டடி பின்னால் போய்விட்டார். சாக்பீஸ் தேய்க்காதே, ஆணியால் கீறாதே. தண்ணீர், மூங்கில் குச்சி, மெல்லிய பிரஷ் போதும். ஈரத்தாளை ஒட்டி மைப்படி எடுப்பதைப் பழகினவர்கள் செய்யட்டும்.

ராயக்கோட்டை பக்கத்துப் பாட்டி (பேத்தி எழுதியது): எங்க கொல்லைக் கல்லுக்கு நாப்பது வருசமா அமாவாசைக்கு அமாவாசை எண்ணெய் பூசி விளக்கு வைக்கிறேன். உங்க கூட வந்த பையன் எண்ணெய் பூசினா எழுத்து மூடிப்போவும், பூசாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான். இந்த அமாவாசைக்கு என்ன பண்ணட்டும்?

பாட்டி, பையன் சொன்னது பொய்யில்லை. எண்ணெய்மேல் தூசி, தூசிமேல் எண்ணெய் என்று ஏறி, எழுத்துப் பள்ளமெல்லாம் அடைந்துபோகும். நாங்கள் அன்றைக்கு உங்கள் கல்லில் ஒரு மணி நேரம் மூங்கில் குச்சியால் சுரண்டியும் பாதி வரிதான் தெரிந்தது.

ஆனால் அவனிடம் நான் வண்டியில் திரும்பும்போது ஒன்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் எண்ணெய் பூசாத கல் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று. உங்கள் கொல்லைக்கு மேற்கே இன்னும் இரண்டு கல் இருந்ததாக நீங்களே சொன்னீர்கள். ஒன்று வீட்டு அஸ்திவாரத்துக்குள், இன்னொன்று ரோடு போட்டபோது போன இடம் தெரியவில்லை. உங்கள் கல் நிற்கிறது. பையன் அதற்கப்புறம் ராயக்கோட்டை வரை பேசவில்லை.

இந்த அமாவாசைக்கு விளக்கை வழக்கம்போல வையுங்கள். எண்ணெயை வீரன் பாதத்துக்குக் கீழே, எழுத்து இல்லாத அடிப்பாகத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். நெற்றிக்குப் பொட்டு வைக்கலாம், எழுத்து தலைக்கு மேலே வலப்பக்கம்தான் தொடங்குகிறது, அங்கே கை போகக் கூடாது. மீதி வரியைப் படிக்க மழைக்கு முன்னால் ஒரு ஞாயிறு சாயங்காலம் வருகிறோம். அந்தப் பையனையும் கூட்டி வருகிறேன், பெயர் கிடைத்தால் முதலில் உங்களிடம்தான் அவன் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் காபி வேண்டாம். போன முறை கொடுத்த கம்மங்கூழ் இருந்தால் போதும்.